ஆண் அலையும் ஆறு டப்பா புளிச்சோறும்

கந்தர்வக்கோட்டைப் பரோட்டாக் கடைகளுக்குத் திடீரென்று நல்ல காலம் பிறந்தது. சாயங்காலம் மட்டும் கல் சூடேறும் கடைகளில் காலையிலேயே கூட்டம். கல்யாணமானவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள், வீட்டில் மூன்று வேளையும் அடுப்பெரிகிறவர்கள் எல்லாம் வரிசையில் நின்று பார்சல் வாங்கினார்கள். ஏன் என்று கேட்டால் குரலைத் தாழ்த்தி ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"வீட்டுல சாப்பிட்டா அலை போயிரும்ங்க."

கோட்டைப்பட்டினத்துக் கடலில் அடிக்கிற அலை அல்ல. இது ஆண் அலை.

இதைக் கண்டுபிடித்த மேதையின் பெயர் ரகுநாத். அந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். யூடியூபில் அவர் வேந்தன். சிங்கத் தலை செதுக்கிய நாற்காலியில், வீட்டுக்குள்ளேயே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்களைச் சிங்கங்களே என்று அழைப்பார். சில வருஷங்களுக்கு முன்பு உடம்பு இளைக்கிற பொடி விற்றுக்கொண்டிருந்தார். தின்றவர்கள் யாரும் இளைக்கவில்லை. விற்றவர்தான் ஒருநாள் காணாமல் போனார். திரும்பி வந்தபோது தாடி வளர்ந்திருந்தது, தத்துவமும் வளர்ந்திருந்தது.

தத்துவம் எளிமையானது. ஆணுக்குள் ஓர் அலை ஓடுகிறது. அதை உறிஞ்சுவதற்கென்றே பெண் இருக்கிறாள். பெண் படித்தால் ஆணுக்கு முடி கொட்டும். பெண் சம்பாதித்தால் ஆணுக்கு முழங்கால் வலிக்கும். பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கொடுத்தார்களே, அந்த நாளிலிருந்துதான் மழை தவறுகிறது. வானம் பார்த்த பூமியில் முந்திரி போட்டுவிட்டுக் கண்மாய் ஏன் நிறையவில்லை என்று பல வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கடைசியில் காரணம் கிடைத்துவிட்டது. கண்மாயைத் தூர்வாராதது காரணமில்லையாம். தங்கச்சி பங்கு கேட்டதுதான் காரணமாம்.

இதை நம்புவதற்கு ஆள் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். பெண் கிடைக்காமல் முப்பதைத் தாண்டியவர்கள் இருந்தார்கள். வளைகுடாவிலிருந்து வேலை போய்த் திரும்பி வந்தவர்கள் இருந்தார்கள். தப்பு ஒன்மேல இல்லடா, அவமேலதான் என்று ஒருவன் தினமும் காதுக்குள் சொன்னால் யாருக்குத்தான் இனிக்காது?

இனிப்பை மட்டும் வைத்து வியாபாரம் ஓடாது என்பது வேந்தனுக்குத் தெரியும். அதனால் அறிவியலும் வைத்திருந்தார். அதன் பெயர் கை சோதனை. ஓர் ஆளை மேடைக்கு அழைப்பார். வீட்டுச் சாப்பாட்டு டப்பாவை இடது கையில் பிடிக்கச் சொல்வார். வலது கையைப் பக்கவாட்டில் விறைப்பாக நீட்டச் சொல்வார்.

"சமைச்சது யாரு சிங்கம்?"

"சம்சாரம்ங்க."

"வேலைக்குப் போறாங்களா?"

"பால்வாடி டீச்சருங்க."

வேந்தன் இரண்டே விரலால் நீட்டிய கையை அழுத்துவார். கை தொப்பென்று கீழே விழும். பார்த்தவர்கள் விக்கித்துப்போவார்கள். அடுத்த ஆள் வருவான். மனைவி வீட்டோடு இருக்கிறாள், வாய் திறக்கமாட்டாள், போன்கூட இல்லை என்பான். வேந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவார். கை இரும்புக் கம்பியாக நிற்கும். அடங்காதவள் சமைத்த சோற்றில் எதிரலை இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? எதிரலையை முறிக்க வேந்தப் பொடி இருந்தது. சோற்றில் தூவிக்கொள்ள வேண்டும். அலை வெளியே கசியாமலிருக்க வேந்தன் காப்பு இருந்தது. மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டலுக்குப் பாதகமில்லை. பரோட்டா மாஸ்டர் ஆண். ஆகவே பரோட்டா பத்திரம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்த ரத்தினவேல் காப்பும் போட்டிருந்தான், பொடியும் வாங்கியிருந்தான்.

ரத்தினவேல் கெட்டவனில்லை. சார்ஜாவில் நான்கு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். அங்கே கேட்டரிங் சூப்பர்வைசர் என்று பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் அம்மா சொல்லிவிட்டாள். அது ஊரெல்லாம் பரவிவிட்டது. உண்மையில் அவன் தொழிலாளர் முகாமில் சமையல்காரன். இறங்கி வந்து உண்மையைச் சொல்ல அவனுக்கு வழி தெரியவில்லை. அதனால் ஊர் திரும்பிய நாளிலிருந்து அடுப்படிப் பக்கமே போகாமல் சூப்பர்வைசராகவே இருந்தான். மனைவி செவந்திக்கு விஷயம் தெரியும். அவள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

செவந்தி பி.எஸ்சி. படித்தவள். சோறு வேகிற நேரத்திலும் துணி காய்கிற நேரத்திலும் படித்தே குரூப் ஃபோர் தேர்வு எழுதினாள். தேறினாள். ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கிராமத்துக்கு வி.ஏ.ஓ.வாக ஆர்டர் வந்தது. ஆர்டரை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். ரத்தினவேல் காதில் இயர்போன் இருந்தது.

"ஏங்க, வந்திருச்சு. படிச்சுப் பாருங்க."

அவன் படித்தான். முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் பாதியில் நின்றது. காதுக்குள் வேந்தன் பேசிக்கொண்டிருந்தார்.

"வேணாம் செவந்தி," என்றான்.

"என்ன வேணாம்?"

"அம்புட்டுத் தூரம். அங்கிட்டு வீடு எடுத்துத் தங்கணும். நான் இங்கிட்டுக் கெடக்கணும். ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் ஒங்கிட்ட வந்து கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. அது நல்லதுக்கில்ல."

"யாருக்கு நல்லதுக்கில்ல?"

அவனால் அலை என்று சொல்ல முடியவில்லை. பகல் வெளிச்சத்தில், செல்போன் கவர்களுக்கு நடுவே நின்று சொல்கிறபோது அந்த வார்த்தை அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஓரடி யோசித்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவன் இயர்போனின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டான்.

அன்று முதல் அவள் சமைத்ததை அவன் தொடவில்லை. காலையில் பரோட்டா, மத்தியானம் பரோட்டா, ராத்திரி கொத்துப் பரோட்டா. வயிறு கடமுடவென்றது. வேந்தனின் வாட்ஸப் குழுவில் கேட்டான். அலை விழித்தெழுகிறது, நல்ல அறிகுறி என்று பதில் வந்தது. வேந்தப் பொடியை ஒருநாள் வாயில் போட்டுப் பார்த்தான். பொட்டுக்கடலை, பூண்டு, மிளகாய், உப்பு. பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். இது சாதாரணப் பருப்புப்பொடி என்று நாக்கு தெளிவாகச் சொன்னது. நாலு வருஷம் சோறு போட்ட நாக்கை அவன் நம்பவில்லை. நேற்று முளைத்த நாற்காலியை நம்பினான்.

செவந்தி சண்டை போட்டாள். பேசாமல் இருந்தாள். அழுதும் பார்த்தாள். வேலையில் சேரவேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் அவன் போனிலேயே அந்த வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தாள். ஒன்று பார்த்தாள், இன்னொன்று பார்த்தாள், முதலில் பார்த்ததை மறுபடி பார்த்தாள். துண்டோடு வந்தவனிடம் கேட்டாள்.

"கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்க, சொல்றேன்."

நீட்டினான். மணிக்கட்டுக்கு மேல் இரண்டு விரல் வைத்து அழுத்தினாள். கை விழுந்தது.

"மறுபடி நீட்டுங்க."

இந்த முறை முழங்கைக்கு அந்தப் பக்கம், தோளை ஒட்டி அழுத்தினாள். அவள் முழு பலமும் போட்டாள். கை அசையவில்லை.

"பாத்தீங்களா? கேட் கதவை ஓரத்துல தள்ளுனா சட்டுன்னு தொறக்கும். கீல் பக்கம் தள்ளுனா எருமை வந்து தள்ளணும். அந்தாளு மொதல்ல கேள்வி கேக்குறாரு. பதிலைத் தெரிஞ்சுக்கிட்டு எங்க அழுத்தணுமோ அங்க அழுத்துறாரு."

ரத்தினவேல் துண்டை இறுக்கிக்கொண்டான். "நீ பொம்பளை. நீ தொட்டா எங்க தொட்டாலும் அலை குழம்பும். அதான் மாறி மாறி வருது."

இதற்கு என்ன பதில் சொல்வது? விழுந்தாலும் அலை, நின்றாலும் அலை. இப்படிப்பட்ட தத்துவத்தோடு வாதம் செய்து ஜெயித்தவர்கள் உலகத்தில் கிடையாது. செவந்தி வாதத்தை விட்டுவிட்டாள்.

"சரிங்க. அவரு கேள்வி கேக்காமலே சொல்லுவாரா?"

"ஏன் சொல்லமாட்டாரு? கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லுவாரு."

"அப்ப பந்தயம். ஞாயித்துக்கெழமை இங்க மண்டபத்துல கேம்ப் வைக்கிறாருல்ல. நீங்க மூணு டப்பா சமைங்க, நான் மூணு டப்பா சமைக்கிறேன். எது யாரு சமைச்சதுன்னு ஒங்களுக்கும் தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது. அவரு சரியாச் சொல்லிட்டாருன்னா நான் வேலைக்குப் போகல. தப்பாச் சொன்னா, மறுநாள் நீங்களே வண்டியில கொண்டுபோய் ஆவுடையார்கோவில்ல விடுறீங்க."

ரத்தினவேலுக்கு உள்ளூரச் சந்தோஷம். பெண் சமைக்காத சோறாக இருந்தால் எதிரலை துளியும் இருக்காது, கை தூணாக நிற்கும் என்று வேந்தன் பலமுறை சொல்லியிருக்கிறார். இதைவிட வசதியான பந்தயம் கிடைக்காது. ஒப்புக்கொண்டான்.

பிளெஸ்ஸி ஒப்புக்கொள்ளவில்லை. செவந்தியோடு கோச்சிங் வகுப்பில் படித்தவள் அவள். பக்கத்துத் தெருவில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? குருட்டாம்போக்குல சொல்லி அடிச்சிருச்சுன்னா என்ன பண்ணுவ? ராவும் பகலும் படிச்ச வேலைடி."

"அதுக்குத்தான் ஆறு டப்பா. ஆறும் குருட்டாம்போக்குல அடிக்காது."

"அடிச்சுட்டா?"

"நீ டப்பா மட்டும் வாங்கிட்டு வா," என்றாள் செவந்தி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டு அடுப்படியில் முதல் தடவையாக இரண்டு பேர் நின்றார்கள். ஒரே அரிசி, ஒரே புளி, ஒரே நல்லெண்ணெய். முதலில் செவந்தி புளிச்சோறு கிளறினாள். பிறகு ரத்தினவேல். கரண்டியைப் பிடித்த கொஞ்ச நேரத்தில் அவன் எல்லாவற்றையும் மறந்துவிட்டான். வெந்தயத்தை வறுத்துப் பொடித்தான். கடலையைத் தனியாகப் பொரித்து எடுத்து வைத்தான். என்னமோ பாட்டை முணுமுணுத்தான். செவந்தி கதவருகில் நின்று பார்த்தாள். கல்யாணமான புதிதில் இருந்த ஆள் ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

பிளெஸ்ஸி ஒரே மாதிரியான ஆறு எவர்சில்வர் டப்பாக்கள் வாங்கி வந்திருந்தாள். இருவரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு நிரப்பினாள். ரத்தினவேல் சமைத்த மூன்றின் அடியில் மட்டும் நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்தாள். ஆறின் அடியிலும் கறுப்பு டேப் ஒட்டினாள். கலைத்துப் பையில் அடுக்கிக் கொடுத்தாள்.

மண்டப வாசலில் முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள்: பெண்களுக்கு அனுமதி இல்லை. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கிய மூன்று பெண்கள் அந்தப் பலகையைத் துடைத்துவிட்டு வெளியே போனார்கள். அவர்கள் கூட்டிய தரையில் சிங்கங்கள் உட்கார்ந்தன. செவந்தியும் பிளெஸ்ஸியும் எதிர்ச்சாரி டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து போனில் நேரலையைத் திறந்துவைத்தார்கள்.

மேடையில் வேந்தன் வந்தார். புகை விட்டார்கள். புகை அடங்கியபோது அவர் இருமிக்கொண்டிருந்தார். முதலில் சேவுகன் என்கிற முந்திரி வியாபாரியை அழைத்தார்.

"வீட்டம்மா என்ன பண்றாங்க?"

"வீட்டுலதான் இருக்காங்க."

"போன்?"

"பட்டன் போனுதாங்க. அதுவும் எங்கிட்டத்தான் இருக்கும்."

வேந்தன் அழுத்தினார். கை நின்றது. கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. சேவுகன் பரம்பரை மன்னர் மாதிரி இறங்கிப் போய் உட்கார்ந்தார்.

அடுத்து ரத்தினவேல் பையோடு ஏறினான். ஆறு டப்பாக்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்தான். மைக்கைப் பிடித்துப் பக்தியோடு பேசினான்.

"வேந்தே, எனக்கும் என் சம்சாரத்துக்கும் ஒரு பந்தயம். இதுல மூணு அவ சமைச்சது, மூணு நான் சமைச்சது. அவளுக்கு வி.ஏ.ஓ. வேலை வந்திருக்கு. நீங்க எது எதுன்னு கை சோதனையில சொல்லிட்டீங்கன்னா அவ வேலைக்குப் போகமாட்டா. ஊரே பாக்கட்டும்ங்க."

மண்டபம் அதிர்ந்தது. விசில் பறந்தது. கூலிங் கிளாஸுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை.

"குருவைச் சோதிக்கக் கூடாது சிங்கம்," என்றார் வேந்தன் மெதுவாக.

"ஐயோ, சோதிக்க வரலைங்க. ஜெயிச்சுக் காட்டத்தான் வந்திருக்கேன்."

"காட்டுங்க வேந்தே," என்று முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். "காட்டுங்க, காட்டுங்க," என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நேரலையில் சிங்கப் பொம்மைகள் மழையாகக் கொட்டின. எதிரியாக இருந்தால் வெளியே தள்ளச் சொல்லலாம். பக்தனை எப்படித் தள்ளுவது?

வேந்தன் முதல் டப்பாவைத் தொட்டார். அவன் காதருகே குனிந்தார். "இது ஒன் கைதானே?"

"எனக்கே தெரியாதுங்க."

"பின்ன யாருக்குத் தெரியும்?"

"பிளெஸ்ஸின்னு ஒரு பொண்ணு, அவங்களுக்குத்தான். வெளிய டீக்கடையில இருக்காங்க. இங்க பொம்பளைங்களை விடமாட்டேன்னுட்டாங்களே."

மேடை மைக் இதையும் எல்லோருக்கும் கேட்க வைத்தது. வேந்தன் பலகை வைத்த ஆளைப் பார்த்தார். அந்த ஆள் பெருமையாகச் சிரித்தான்.

வேறு வழியில்லாமல் வேந்தன் டப்பாக்களைத் திறந்தார். அலை வெளியே வரவேண்டும் என்று விளக்கம் சொன்னார். முகர்ந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் தின்றார். அலையைத் தின்றே கண்டுபிடிக்கிற முறையை அன்றுதான் எல்லோரும் முதல்முறை பார்த்தார்கள். மூன்று டப்பாக்களில் புளிச்சோறு பளபளவென்று உதிரி உதிரியாக இருந்தது. கடலை மொறுமொறுவென்றது. மற்ற மூன்றில் புளி கொஞ்சம் தூக்கல், சோறு கொஞ்சம் குழைவு. தின்னத் தின்ன வேந்தன் முகம் தெளிந்தது. கூலிங் கிளாஸைச் சரிசெய்துகொண்டார்.

"கையை நீட்டு சிங்கம்."

ருசியான டப்பா இடது கைக்கு வந்தது. இரண்டு விரல். வலது கை விழுந்தது.

"பொம்பளை கை," என்றார் வேந்தன்.

புளிப்பு டப்பா வந்தது. பல்லைக் கடித்து அழுத்தினார். கை நின்றது.

"ஆம்பளை கை."

ஆறும் முடிந்தன. மூன்று விழுந்தன, மூன்று நின்றன. விழுந்தவற்றை ஒரு பக்கமும் நின்றவற்றை ஒரு பக்கமும் பிரித்து வைத்தார். விளக்கமும் கொடுத்தார்.

"இந்தப் பக்கம் இருக்குறதுல ருசி இருக்கு. மயக்குற ருசி. ஆனா உள்ள எதிரலை கொதிக்குது. அந்தப் பக்கம் பாரு, புளிப்பு தூக்கலா இருக்கு, சோறு குழைஞ்சிருக்கு. ஆம்பளைக்குச் சமையல் வராது. வரக்கூடாது. அதுதான் அவனுக்குப் பெருமை."

கைதட்டலில் மண்டபத்து விசிறிகள் ஆடின. டீக்கடையில் பிளெஸ்ஸி செவந்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எந்த டப்பா எதுவென்று பிளெஸ்ஸிக்கும் போனில் தெரியவில்லை. டேப்பை உரித்தால்தான் தெரியும்.

ரத்தினவேல் ருசியான டப்பா ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து டேப்பை உரித்தான். நகப்பாலிஷ் பொட்டு இருந்தது. இரண்டாவதை உரித்தான். பொட்டு. மூன்றாவது. பொட்டு. புளிப்பு டப்பாக்களின் அடியில் வெறும் எவர்சில்வர்தான் மின்னியது.

"பொட்டுன்னா யாரு?" என்று சேவுகன் எழுந்து கேட்டார்.

"நான்," என்றான் ரத்தினவேல்.

ஆறுக்கு ஆறு தப்பு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால்கூட ஒன்றிரண்டு சரியாக விழுந்திருக்கும்.

வேந்தன் சட்டென்று சுதாரித்தார். "பொட்டை மாத்தி வச்சிருக்காளுங்க. பொம்பளை புத்தி. நான்தான் சொன்னேனே, அவங்க சதி பண்ணுவாங்கன்னு."

சிலர் தலையை ஆட்டினார்கள். ரத்தினவேலும் ஆட்டியிருப்பான். ஆனால் டப்பா கையில் இருந்தது. வாசனை மூக்குக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றான். மென்றபடியே நின்றான். விழுங்கிவிட்டு மைக்கை எடுத்தபோது அவன் குரல் சன்னமாக இருந்தது.

"மாத்தலைங்க. இது என் கைதான். வெந்தயத்தை வறுத்துப் பொடிச்சுப் போட்டிருக்கேன். கடலையைத் தனியாப் பொரிச்சிருக்கேன். என் சம்சாரத்துக்கு அதுக்கெல்லாம் நேரம் கெடையாது, அவ வச்சா எப்பவும் புளி தூக்கும். நான் சார்ஜாவுல சூப்பர்வைசர் இல்லைங்க. சமையல்காரன். நாலு வருஷம் எரநூறு பேருக்கு ஆக்கிப் போட்டேன். அந்தச் சோத்தைத் தின்னவன் ஒருத்தன் கையும் விழலை. அதே கையாலதான் எல்லாரும் கட்டடம் கட்டினாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதை அவன் எதிர்பார்க்கவில்லை.

சேவுகனுக்கு வேறு கவலை. "அதெல்லாம் கெடக்கட்டும் தம்பி. எனக்கு மட்டும் கை எப்படி நின்னுச்சு?"

"மேல வாங்கண்ணே, காட்டுறேன்."

சேவுகன் ஏறினார். கையை நீட்டினார். ரத்தினவேல் மணிக்கட்டுக்கு மேல் இரண்டு விரல் வைத்து அழுத்தினான். பட்டன் போன் மகாராஜாவின் கை தொப்பென்று விழுந்தது. மறுபடி நீட்டச் சொல்லித் தோளை ஒட்டி அழுத்தினான். நின்றது.

"ஒங்க வீட்டம்மா இதுக்குள்ள வேலைக்குப் போயிட்டு வந்துட்டாங்களா என்ன?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

அப்போது வந்தது சிரிப்பு. அதன் பிறகு நடந்ததை நேரலையில் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மண்டபம் நிறைய ஆண்கள் எழுந்து நின்று ஒருவருக்கொருவர் கையை நீட்டி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டில் அழுத்தினால் விழுந்தது. தோள் பக்கம் அழுத்தினால் நின்றது. கல்யாணமானவனுக்கும் ஆகாதவனுக்கும், பரோட்டா தின்றவனுக்கும் பழைய சோறு தின்றவனுக்கும் ஒரே மாதிரி. வேந்தன் காப்பு போட்ட கையும் போடாத கையும் ஒரே வேகத்தில் விழுந்தன.

"கேமராவை நிறுத்துடா," என்று வேந்தன் கத்தினார். கேமராக்காரன் கேமராவைத் தாங்கியில் விட்டுவிட்டுப் பக்கத்து ஆளின் கையை அழுத்திக்கொண்டிருந்தான். வேந்தன் பந்திக் கூடத்து வழியாகப் பின்பக்கம் போனார். எச்சில் இலை போடுகிற தொட்டியைத் தாண்டிக் குதித்ததாகச் சொல்கிறார்கள். அந்தக் காட்சி நேரலையில் இல்லை, அது ஒன்றுதான் குறை.

போலீசில் புகார் கொடுக்கலாம் என்று சிலர் பேசினார்கள். ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனார்கள். புகாரில் என்ன வாங்கினோம், எதற்காக வாங்கினோம் என்று எழுத வேண்டும் என்றதும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எதிரலையிலிருந்து தப்பிக்கப் பருப்புப்பொடி வாங்கினேன் என்று எந்தச் சிங்கம் கையெழுத்துப் போடும்? இந்தத் தொழிலுக்கு அதுதான் பெரிய காப்பு. ஏமாந்தவனின் வெட்கம்.

ரத்தினவேல் பையோடு டீக்கடைக்கு வந்தான். பிளெஸ்ஸி ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான்.

"நாளைக்கு எப்பக் கெளம்பணும்?"

"பந்தயத்துல தோத்ததுக்காகக் கூட்டிட்டுப் போறீங்களா?"

செவந்தி அவனைப் பார்க்காமல் எதிரே வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அந்தாளு ஆறையும் சரியாச் சொல்லியிருந்தா நான் வீட்டுலதானே கெடந்திருக்கணும். நான் படிச்சது, எழுதுனது, தேறுனது எல்லாம் ஆறு டப்பா சோத்துல வந்து நின்னுச்சு. ஒங்க கடையை வைக்கலாமா வேணாமான்னு யாராச்சும் கையை அழுத்திப் பாத்தாங்களா?"

"தப்புதான்," என்றான். பையைக் கீழே வைத்துவிட்டு, "அவரு சரியாச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்டான்.

"வேலைக்குப் போயிருப்பேன்."

"அப்ப பந்தயம்?"

"அது ஒங்களுக்கு. எனக்கு ஆர்டர் வந்தன்னிக்கே முடிவாயிருச்சு. நீங்க கூட வர்றீங்களா இல்லையாங்கிறதுதான் தெரியாம இருந்துச்சு."

ரத்தினவேல் ஒரு டப்பாவைத் திறந்தான். புளி தூக்கலான டப்பா. பரோட்டாவைத் தவிர வேறொன்றும் பார்க்காத வயிறு அதைப் பார்த்ததும் சத்தம் போட்டது. வழித்துத் தின்று முடித்தான். ருசியாக இருக்கிறது என்று பொய் சொல்லவில்லை. செவந்தியும் அதைக் கேட்கவில்லை.

மறுநாள் அவள் வேலையில் சேர்ந்தாள். ஆவுடையார்கோவிலில் ஒரு வீடு பிடித்தார்கள். ரத்தினவேல் கந்தர்வக்கோட்டைக் கடையை விடவில்லை. வாரத்தில் பாதி நாள் இங்கிட்டு, பாதி நாள் அங்கிட்டு. அங்கிட்டு இருக்கிற நாட்களில் சமையல் அவனுடையது. உறவுக்காரர்கள் யாராவது வந்தால் மட்டும் இன்னும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்துவிடுகிறான். செவந்தி அதைப் பார்த்துச் சிரிப்பாள். ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அதுவும் ஒரு வேந்தப் பொடிதான்.

வேந்தன் என்ன ஆனார்? கவலைப்படாதீர்கள், நன்றாக இருக்கிறார். வேறொரு ஜில்லாவில், வேறொரு பெயரில், தாடியை எடுத்துவிட்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வகுப்பு நடத்துகிறார். இப்போது வகுப்பு பெண்களுக்கு. கணவனை மடக்கி வைப்பது எப்படி என்பது பாடம். ஆண்களுக்கு அனுமதி இல்லை. கணவனின் சட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டச் சொல்கிறாராம். அவர் எங்கே அழுத்துகிறார் என்று பார்க்காமல் எப்படி விழுகிறது என்று பார்த்து வாயைப் பிளக்கிற கூட்டம் அங்கேயும் நிரம்பி வழிகிறதாம்.

அவருக்கு ஆண் என்றும் பெண் என்றும் பேதமே கிடையாது. யோசிக்காத ஆள் யாராக இருந்தாலும் சரி, இரண்டு விரல் போதும்.